புரட்டாசி வெயிலிலிருந்து ஐப்பசி மழைக்கு: பருவம் மாறுவதை வீட்டிலிருந்தே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் பாதியில் வேலூரிலோ மதுரையிலோ நண்பகலில் தெருவில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டாவது கோடை. கத்திரி முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஆடிக்காற்றும் ஓய்ந்திருக்கும், ஆனாலும் தார்ச்சாலை மறுபடி கொதிக்கும். அன்றைக்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கே கருத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். புரட்டாசி பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சொன்ன பெரியவர்கள் இரண்டையும் ஒரே நாளில் அனுபவித்தவர்கள்தான்.

அந்த முதல் இடிமழை வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பருவமழை ஆரம்பித்துவிட்டதா? மழையை மட்டும் பார்த்தால் இதற்குச் சரியான பதில் கிடைக்காது. காற்றைப் பார்க்க வேண்டும். அதை எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டியின் சாரம்.

2016இல் நான் செய்த ஒரு பிழையிலிருந்து இது தொடங்குகிறது. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடைமடைக் கிராமம் எங்களுடையது. நான் இருப்பது தாம்பரத்தில். செப்டம்பர் கடைசியில் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, மழை புடிச்சிக்குமா? புழுதியில விதைச்சிடலாமா?” அதற்கு முந்தைய இரண்டு இரவும் தாம்பரத்தில் நல்ல மழை. “ஆரம்பிச்சிடுச்சு சித்தப்பா, விதைங்க” என்றேன். நான் பார்த்தது வெப்பச்சலன மழை, பகல் சூட்டில் எழும் மேகம் கொட்டிவிட்டுப் போகும் மழை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30இல்தான் தொடங்கியது. தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. முளைத்த பயிர் கருகிப் போனது. அந்த ஆண்டு எந்தக் கணிப்பும் மழையைக் கொண்டுவந்திருக்காது. ஆனால் விதைக்கலாம் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது என்பது இன்றும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நோட்டுப் புத்தகம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

படி 1: செப்டம்பரில் ஏன் கொதிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இருமுறை. சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொருமுறை. கன்னியாகுமரியில் அந்த இரண்டாவது முறை செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறது. ஆக, செப்டம்பரில் சூரியன் இப்போதுதான் தலையைத் தாண்டிப் போயிருக்கிறது. வெயிலின் வலுவில் பெரிய குறைவு இல்லை.

அதோடு காற்றும் சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கம் மலையேறும்போது ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது உலர்ந்து, அழுத்தத்தால் மேலும் சூடாகிறது. அது சமவெளி முழுவதையும் கடந்து கிழக்குக் கரைக்கு வந்து, கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. சென்னையில் காலை பத்து, பதினொரு மணிக்கே வந்திருக்க வேண்டிய கடற்காற்று மதியம் இரண்டு மணிவரை வராமல் போவது இதனால்தான். அந்த மூன்று மணி நேரத் தாமதம்தான் 34 டிகிரியில் நிற்க வேண்டிய பகலை 37க்குத் தள்ளுகிறது. மதுரை விமான நிலையத்தில் செப்டம்பரில் 40 டிகிரியைத் தொட்ட நாட்களும் உண்டு.

இந்த மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, எப்போது தளர்கிறதோ அப்போதுதான் பருவம் திரும்புகிறது. வட இந்திய நிலப்பரப்பு செப்டம்பர் கடைசியில் குளிரத் தொடங்கும், அங்கே காற்றழுத்தம் ஏறும், மழைமேகங்களைத் திரட்டும் தாழ்வு வளையம் மெல்லத் தெற்கே இறங்கி வங்கக்கடலின் தென்பகுதிக்கு வரும். அப்போது வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வெதுவெதுப்பான கடலைக் கடந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் மோதும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் காற்றில்தான் வருகிறது.

படி 2: கருவிகளைத் தயார் செய்யுங்கள்

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு துணிப்பட்டை, ஒரு நோட்டு.

மழைமானிக்கு நான் பரிந்துரைப்பது 11.3 செ.மீ. வாய்விட்டம் உள்ள புனல். ஏன் இந்த அளவு என்றால், அதன் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. வரும். அப்போது சேரும் ஒவ்வொரு 10 மில்லி தண்ணீரும் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் கணக்கு முடிந்தது. வேறு விட்டத்தில் புனல் கிடைத்தாலும் கவலை இல்லை. பரப்பைக் கணக்கிட்டு மில்லியை அதனால் வகுத்து, வரும் விடையைப் பத்தால் பெருக்குங்கள். புனலுக்குக் கீழே குறைந்தது இரண்டு லிட்டர் கொள்ளும் பாத்திரம் இருக்கட்டும். நவம்பரில் ஒரே இரவில் சிறு பாட்டில் நிரம்பி வழிந்து, நல்ல மழையின் கணக்கு போய்விடும்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைக்காதீர்கள். சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். அளவெடுக்கும் நேரம் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதே நேரத்தில் எடுத்தால்தான் உங்கள் கணக்கை அவர்களுடைய கணக்கோடு ஒப்பிட முடியும்.

வெப்பமானி நிழலில், காற்றோட்டமாக, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

படி 3: காற்றைப் படியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும்.

நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எங்கள் கரையோர மீனவர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு. கீழ்க்காற்றுக்கும், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கும், மழைமேகத்துக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள், இந்தக் கரையில் மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை நன்றாக அறிந்தவர்கள். தாத்தா காலையில் வரப்பில் நின்று, “கச்சான் செத்துடுச்சு, இன்னும் கொண்டல் எறங்கல” என்பார். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

மாடியில் உயரமான ஒரு கம்பின் நுனியில் மெல்லிய துணிப்பட்டையைக் கட்டுங்கள். மூன்று நேரம் பாருங்கள்: காலை 10, மாலை 4, இரவு 9. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதையே எழுதுங்கள். எந்தத் திசைக்குப் போகிறது என்று எழுதினால் பிறகு எல்லாம் தலைகீழாகிவிடும்.

மாலை 4 மணிக்குக் கரையோர ஊர்களில் காற்று கிழக்கிலிருந்து வருவதில் வியப்பில்லை. கோடையிலும் அப்படித்தான், அது தினசரிக் கடற்காற்று. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலை 10 மணிக்கு நிலம் இன்னும் முழுதாகச் சூடாகவில்லை. அந்த நேரத்திலேயே துணி மேற்கு நோக்கிப் பறந்தால் அது கடற்காற்று மட்டும் அல்ல. இரவு 9 மணிக்கு நிலம் ஆறத் தொடங்கியிருக்கும், கடற்காற்று ஓய்ந்திருக்க வேண்டும். அப்போதும் வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருந்தால் அது பருவக்காற்றின் கை. காலை 10, இரவு 9, இரண்டிலும் நான்கைந்து நாள் தொடர்ந்து கிழக்கோ வடகிழக்கோ வந்தால் கீழ்மட்டக் காற்று திரும்பிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

விடியற்காலைக் காற்றை மட்டும் நம்பவேண்டாம். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மெல்லிய காற்று அப்போது வீசும். அசல் பருவமழைக் காலத்திலேயே சென்னையில் காலை 6 மணிக் காற்று வடமேற்கிலிருந்து வருவது வழக்கம். முதல் இரண்டு ஆண்டுகள் நான் காலை நடைக்குப் போகும்போது பார்த்த காற்றைத்தான் எழுதி வந்தேன். அந்தப் பக்கங்களால் பெரிய பயன் இல்லை.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள். தரையில் காற்று திரும்பிவிட்டாலும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் மேல்காற்றே இருக்கலாம். அதைக் காட்டுவது தாழ்வான பஞ்சுமேகங்கள். ஒரு மின்கம்பத்தையோ தென்னை உச்சியையோ அடையாளமாக வைத்து, ஆடாமல் நின்று, இரண்டு நிமிடம் மேகத்தைப் பாருங்கள். செப்டம்பரில் அவை மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி ஓடும். பின்பு சில நாட்கள் எந்தப் பக்கமும் போகாமல் தயங்கி நிற்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் கடலிலிருந்து நிலத்துக்கு வரிசையாக ஏறி வரும். அந்த நாளின் தேதியைக் கட்டாயம் குறித்து வையுங்கள். மிக உயரத்தில் தெரியும் நார்மேகங்களை இதில் சேர்க்காதீர்கள், அவை வேறு அடுக்கின் காற்றில் போகின்றன.

இதையே கருவியால் அளக்க சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலை பலூன் பறக்கவிடுகிறார்கள். அந்த அளவுகள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. மேகத்தைப் பார்த்து நீங்கள் எழுதியது சரிதானா என்று அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

உள்மாவட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடற்காற்றுக் குழப்பம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் வரும் காற்றும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் பக்கம் வரும் காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இரைந்துகொண்டே இருக்கும். காற்றாலைகள் வேகம் குறைந்து, இறக்கை சும்மா நிற்கும் நாட்கள் கூடுகின்றன என்றால் மேல்காற்று சாகிறது. குற்றாலத்தில் சாரல் நின்று அருவி மெலிவதும் அதே செய்திதான்.

படி 4: இரண்டு மழையையும் பிரித்தறியுங்கள்

2016இல் நான் தவறவிட்டது இதைத்தான்.

வெப்பச்சலன மழை பகல் சூட்டின் பிள்ளை. அதிகாலை வானம் தெளிந்திருக்கும், பகல் கொதிக்கும், மூன்று மணிக்குக் காலிஃபிளவர் போல் மேகம் எழும்பும், மாலையிலோ முன்னிரவிலோ கொட்டும். மேல்மட்டக் காற்று மேற்கிலிருந்து வருவதால் மழையும் அங்கிருந்தே வரும். ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் உருவான இடிமேகம் கிழக்கே நகர்ந்து, தாமதமாக உள்ளே வந்த கடற்காற்றோடு மோதி, இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சென்னையில் கொட்டும். அடையாறில் பெருமழை, தாம்பரத்தில் ஒரு துளி இல்லை என்பதும் இதன் இயல்பே. மழைக்கு முன்னால் புழுதியோடு ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். மறுநாள் பகல் மறுபடி அதே 36 டிகிரி.

பருவமழை வேறு குணம். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடியற்காலையில் வலுக்கும். கடலிலிருந்து மேகத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும்: பதினைந்து நிமிடம் மழை, அரைமணி ஓய்வு, மறுபடி மழை. இடி குறைவு, சிலநாள் இடியே இருக்காது. முக்கியமாக, மறுநாள் பகல் சூடேறாது. 29, 30 டிகிரியில் நிற்கும், இரவு 24க்கு இறங்கும், பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிப்போகும். உங்கள் நோட்டில் அந்த இடைவெளி ஒன்பது பத்திலிருந்து ஐந்து ஆறாக இறங்கும் வாரத்தைப் பாருங்கள். பருவம் மாறியதற்கு மழை அளவைவிட நம்பகமான சாட்சி அது.

புழுக்கத்தை அளக்கப் பனிநிலை வெப்பம் என்ற எண் உதவும். காற்றை எவ்வளவு குளிர்வித்தால் ஈரம் துளியாகும் என்பதன் அளவு அது. பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இருக்கிறது. மேல்காற்று நாளின் மதியத்தில் சென்னையில் அது 20ஐ ஒட்டி இறங்கும், உதடு காயும். கீழ்க்காற்று நிலைத்த பிறகு நாள் முழுக்க 23, 24க்குக் கீழே இறங்காது. எனவே அக்டோபர் முதல் பாதியில் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் வியர்வை அதிகமாக இருக்கும். வெயில் போய்க் குளிர்ச்சி வருவதற்கு நடுவே இந்தப் பிசுபிசுப்பு வாரங்கள் வந்தே தீரும்.

இடிமழைக் காலத்தில் உயிர்ப்பலி கொள்வது மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் வயலிலும் மாடியிலும் நிற்காதீர்கள், மரத்தடிக்கும் போகாதீர்கள், கட்டடத்துக்குள் வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்து வெளியே வரலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி விழும் மின்னலைக் காட்டும். வயலில் வேலை செய்பவர்களின் கைபேசியில் அதைப் போட்டுக் கொடுங்கள்.

படி 5: விலகல் கோட்டைப் பின்தொடருங்கள்

தென்மேற்குப் பருவமழை வந்த வழியே திரும்பிப் போகும். இயல்பாக அது மேற்கு ராஜஸ்தானிலிருந்து செப்டம்பர் 17ஐ ஒட்டி விலகத் தொடங்கி, அக்டோபர் 15 வாக்கில் நாட்டை விட்டு முழுதாக நீங்கும். வானிலைத் துறை வெளியிடும் வரைபடத்தில், மழை எதுவரை விலகியிருக்கிறது என்று காட்டும் விலகல் கோடு நாளுக்கு நாள் தெற்கே இறங்குவதைப் பார்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க அவர்கள் பார்ப்பவை நான்கு: விலகல் கோடு 15 டிகிரி வடக்கு அட்சரேகை வரை இறங்கியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் தரைமட்டக் கீழ்க்காற்று நிலைத்திருக்க வேண்டும், அந்தக் கீழ்க்காற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரையாவது ஆழம் இருக்க வேண்டும், கரையோரத்தில் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். படி 3இல் துணிப்பட்டையும் பஞ்சுமேகமும் வைத்து நீங்கள் பார்த்தது இதில் இரண்டாவதையும் மூன்றாவதையும்தான்.

இயல்பான தேதி அக்டோபர் 20. ஆனால் 2024இல் அக்டோபர் 15லேயே தொடங்கியது. 2020இல் அக்டோபர் 28. 2018இல் அக்டோபர் மாதம் வங்கக்கடலில் தித்லி, அரபிக்கடலில் லூபன் என்று இரண்டு புயல்கள் காற்றைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டதால் நவம்பர் 1 வரை தள்ளிப்போனது. தேதியை மனப்பாடம் செய்துவைத்துப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 6: அறிக்கையின் சொற்களுக்குப் பொருள் தெரிந்து படியுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்பங்குக்குள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதிக்குள். ‘அநேக இடங்களில்’ என்றால் முக்கால்வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். செப்டம்பர் முழுக்க ஓரிரு இடங்களில் என்றே வந்துகொண்டிருந்த அறிக்கை, ஒரு நாள் கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் அநேக இடங்களில் என்று மாறும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

காரணமாகச் சொல்லும் வரியும் மாறும். ‘மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு’, ‘வெப்பச்சலனம்’ என்று வந்த இடத்தில் ‘கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு’ என்று வந்தால், நீங்கள் மாடியில் பார்த்ததை அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. நிறங்களில் மஞ்சள் கவனித்திரு, ஆரஞ்சு தயாராக இரு, சிவப்பு உடனே செயல்படு. சிவப்பு என்றால் புயல் வருகிறது என்று பலர் பயந்து நடுங்குகிறார்கள். மழை மட்டுமே அதி கனமாக வரலாம் என்றாலும் சிவப்பு உண்டு.

கடலில் உருவாவதற்கும் படிநிலை உண்டு. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுத்துக் காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால்தான் புயல். புயலாகாத தாழ்வுப் பகுதியே மெதுவாக நகர்ந்தால் புயலைவிட அதிகம் கொட்டிவிடும். பெயர் வைத்தார்களா என்று பார்க்காதீர்கள். எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள்.

ரேடார் படம் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: நிற்கும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்னை, காரைக்கால் ரேடார்களின் தொடர்படத்தை ஓடவிட்டு, மழைத்துண்டுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்கே போனால் இன்னும் புரட்டாசி. கிழக்கிலிருந்து மேற்கே போனால் ஐப்பசி பிறந்துவிட்டது.

படி 7: உங்கள் மாவட்டத்துக்கு எது எப்போது

மாநிலம் முழுதுக்கும் ஒரே கணிப்பு சொன்னால் பாதிப் பேருக்குத் தவறாகிவிடும். சென்னை முதல் கடலூர் வரை செப்டம்பர் மாலை இடிமழை துணை. அசல் காலம் அக்டோபர் பின்பாதியில் தொடங்கி நவம்பரில் உச்சம். நாகை, திருவாரூர், வேதாரண்யம் பக்கம் நவம்பர், டிசம்பர். எங்கள் ஊரில் உப்பளத்தில் பாத்தி வேலை நிற்பதும் குவித்த உப்பைக் கீற்றால் மூடுவதும்தான் பருவம் மாறியதற்கு ஊரறிந்த அடையாளம்.

மதுரை, திண்டுக்கல், சேலம், திருச்சிக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உங்களுக்கு இந்த மாறுதல் காலமே முக்கிய மழைக்காலம். செப்டம்பர், அக்டோபர் இடிமழைதான் குளம் நிரப்பும். கரையில் பருவமழை தொடங்கியதாகச் செய்தி வந்த பிறகு பெரிய மழை வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சலாம். ஏரி வரத்துக்கால்வாயை ஆவணியிலேயே தூர்வாரி முடித்திருக்க வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுக்கும் அக்டோபர்தான் உச்சம், பெரும்பாலும் மாலை மழை. நீலகிரியில் கூடலூர், தேவாலா தென்மேற்கில் நனையும். கிழக்குப் பார்த்த குன்னூர் வடகிழக்கில் நனையும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையிலும் மலை ரயில் பாதையிலும் அக்டோபர், நவம்பரில் மண் சரிவது வழக்கம் என்பதால், பயணத்தை அறிக்கை பார்த்துத் திட்டமிடுங்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடியில் செப்டம்பர் மேல்காற்று மண்ணை வாரி அடிக்கும், மழை கடைசியாகத்தான் வரும். கடைசியாக வருவது குறைவாக வரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு.

படி 8: வெயில் திரும்பி வரும்போது குழம்பாதீர்கள்

பருவமழை தொடங்கிப் பத்து நாளில் திடீரென்று வானம் தெளிந்து 35 டிகிரி அடிக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் நம்மை விட்டு ஆந்திரம், ஒடிசா பக்கம் போயிருக்கும். அது சுழலும்போது நம் மேல் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் உலர்ந்த காற்றை இழுக்கும். காலை 10 மணித் துணி மறுபடி கிழக்கு நோக்கிப் பறப்பதைப் பார்ப்பீர்கள். அந்தத் தாழ்வு மண்டலம் கரையேறி ஓய்ந்ததும் நாலைந்து நாளில் கொண்டல் திரும்பும். அதுவரை நாற்றுக்குத் தண்ணீர் கட்ட வழி பார்த்து வையுங்கள்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் நமக்கு நல்ல மழை, அது குளிரும் லா நினா ஆண்டில் குறைவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. பெருவெள்ளம் வந்த 2015 வலுவான எல் நினோ ஆண்டு, கணக்குப் பொருந்தியது. 2021 லா நினா ஆண்டு, ஆனால் இயல்பைவிட 59 சதவீதம் அதிகம் பெய்தது. சாய்வு எந்தப் பக்கம் என்று மட்டும் அதை வைத்துப் பாருங்கள். விதைப்பதற்கும் அறுப்பதற்கும் அதை நம்பாதீர்கள்.

படி 9: நோட்டில் கண்டதை வேலையாக மாற்றுங்கள்

டெல்டாவில் இந்த வாரங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாரங்கள். குறுவை அறுவடையும் முதல் மழையும் ஒன்றாக வரும். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி; களத்தில் கொட்டிய நெல் ஒரு இரவு நனைந்தால் அது கைவிட்டுப் போகும். இங்கேதான் படி 4 காசாகிறது. இன்னும் வெப்பச்சலன நாட்கள் என்றால் காலையில் விரித்து, மூன்று மணிக்குள் குவித்து மூடுங்கள். பகல் வெயில் கிடைக்கும். காற்று கிழக்கே திரும்பிவிட்டது என்றால் வெயிலை எதிர்பார்க்காதீர்கள். அறுவடை இயந்திரம் கிடைத்த அன்றே அறுத்து, உலர்த்த மாற்று வழி பாருங்கள். புழுதி விதைப்புக்கு அவசரப்படுபவர்கள், காலை 10 மணிக் காற்றும் பஞ்சுமேகமும் சேர்ந்து திரும்பும்வரை விதையைக் கையில் வைத்திருங்கள்.

நகரத்தில் மொட்டைமாடி வடிகால், தெருவின் மழைநீர் வடிகால் வாய், மின்பெட்டியின் உயரம், மூன்றையும் அக்டோபர் 10க்குள் பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அன்று எங்கள் தெருவில் முதலில் மூழ்கியவை தரைத்தளத்து மின்பெட்டிகள். மழைநீர்த் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அதற்கு முன்பே கழுவிப் போடுங்கள். முதல் இடிமழையின் அழுக்குத் தண்ணீரை உள்ளே விடாமல் திருப்பிவிட ஒரு குழாய் வையுங்கள்.

படி 10: கடைசிப் பக்கம்

குளிர்ச்சி முதல் மழையோடு வந்துவிடாது. அக்டோபரில் கிடைப்பது மேகத்தின் நிழல். நவம்பரில் மழையின் ஈரம். அசல் குளிர்க்காற்று, உலர்ந்த வாடை, மழை குறைந்த டிசம்பர் கடைசியில் இறங்கும். அப்போது காற்று வடகிழக்கிலிருந்தே வந்தாலும் பஞ்சுமேகம் இருக்காது, பனிநிலை வெப்பம் 20க்குக் கீழே போகும், இரவில் வானம் பளிச்சென்று இருக்கும். உதகைப் புல்வெளியில் உறைபனி படியும் செய்தி வரும். சமவெளியில் அறுவடைக்கு நிற்கும் சம்பாக் கதிரில் பனி கோத்திருக்கும்.

மழைமானியில் ஒரு துளி இல்லாமல், வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கை மட்டும் நனைந்திருக்கும் முதல் விடியலின் தேதியை எழுதுங்கள். அதற்குக் கீழே கோடு போட்டு, அக்டோபர் முதல் சேர்ந்த மழையைக் கூட்டி வையுங்கள். அடுத்த ஆவணியில் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.